மூணாவது ஓலை

அருளு, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா கொடுத்துட்டுப் போன வாக்குமூலம் ஒன்பது நாளா சாப்பாட்டு மேஜை மேலயே கிடக்கு. நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்துல பென்சிலால பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்காரு அந்த மனுஷன், என்னமோ எனக்குக் கையெழுத்துப் போடற இடம் தெரியாத மாதிரி. முப்பத்தோரு வருஷம் ஸ்ரீரங்கம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல உக்காந்து ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்தவடா நான். நீ தினமும் போன்ல "போட்டாச்சாம்மா, போட்டாச்சாம்மா"ன்னு கேக்கற. நானும் கண்ணாடி உடைஞ்சிருச்சு, கை நடுங்குது, நாளைக்குப் போடறேன்னு ஏதாவது சாக்கு சொல்லிட்டு வரேன். கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. கையும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கையாலதான் இந்தக் கடுதாசியை எழுதறேன். நேர்ல சொல்லியிருப்பேன். ஆனா நான் வாயைத் திறந்து ரெண்டு வரி சொல்றதுக்குள்ள நீ எழுந்து வாசலுக்குப் போயிடுவ. சின்ன வயசுலேர்ந்தே உன் குணம் அது. கடைசி வரைக்கும் படிச்சிடு. அப்புறம் கிழிச்சுப் போட்டாலும் சரி, வக்கீல்கிட்ட நீட்டினாலும் சரி.

அந்த நாலு பக்கத்துல மூணாவது பத்தியைத்தான் என்னால தாண்ட முடியலை. "என் மகனும் மருமகள் ரெஜினாவும் திருமண நாள் முதற்கொண்டு ஒருவர் மீது ஒருவர் ஆழ்ந்த அன்பு கொண்டு இன்பமாக வாழ்ந்து வந்தார்கள் என்பதும், பிரதிவாதி குமரேசனின் தலையீட்டினால் மட்டுமே அந்த அன்பு பறிபோனது என்பதும் எனக்கு நேரில் தெரியும்"னு எழுதியிருக்கு. வக்கீல் எனக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொன்னாரு. அடுத்தவன் சம்சாரத்தோட பழகறது இப்போ ஜெயில்ல போடற குத்தம் இல்லையாம், அந்தச் சட்டம் போயிடுச்சாம். ஆனா குடும்பத்தைக் கலைச்சவன்கிட்ட நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டுப் பார்க்கலாமாம். வடக்க ஒரு ஹைகோர்ட்டுல இந்த மாதிரி வழக்கை எடுத்து விசாரிக்கலாம்னு சொல்லியிருக்காங்களாம். நம்ம கிறிஸ்தவங்க விவாகரத்துச் சட்டத்துல முன்னாடி இதுக்குன்னே ஒரு பிரிவு இருந்துச்சாம், அதையும் பிறகு எடுத்துட்டாங்களாம். "ஆனா ஒண்ணும்மா, இருந்த அன்பைத்தான் ஒருத்தன் கெடுக்க முடியும். முதல்ல அன்பு இருந்துச்சுன்னு நாம காட்டணும். அதுக்கு ஒரே வீட்டுல கூட இருந்த நீங்கதான் சாட்சி"ன்னாரு. நீ என் பக்கத்து நாற்காலியில உக்காந்து தலையை ஆட்டின. நானும் ஆட்டினேன்.

உன்மேல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. நீ பட்டதை நான் கண்ணால பார்த்தேன். ரெஜி வேலை செஞ்ச ஆஸ்பத்திரியில குமரேசனோட அம்மாவைச் சேர்த்திருந்தாங்க, ரத்தம் எடுக்க இவ போன இடத்துல அவனோட பழக்கமாச்சுன்னு உனக்கு அங்க வேலை செய்யறவங்க யாரோ சொன்னாங்க. நீ நம்பலை. "அப்படிப்பட்ட பொண்ணு இல்லைங்க"ன்னு அவங்ககிட்டயே சண்டைக்குப் போன. ஆறு மாசம் கழிச்சு ஒரு திங்கக்கிழமை காலையில அவ தாலிச் செயினைக் கழட்டி பீரோவுல வெச்சுட்டு, ஒரு தாள்ல மூணு வரி எழுதி வெச்சுட்டுப் போனா. "என்னை மன்னிச்சிடுங்க. தப்பு என்மேலதான். உங்கமேல ஒரு குறையும் இல்ல." அவ்வளவுதான். நீ அதை நின்னுக்கிட்டே படிச்ச. படிச்சிட்டு, குளிச்சு, பேண்ட் சட்டை போட்டு, வேலைக்குக் கிளம்பிட்ட. அன்னைக்கு நீ அழுதிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அப்புறம் திண்டுக்கல்லுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்ட, சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வர்ற. வழக்குப் போடறேன்னு சொன்னப்போ எதுக்குடா இதெல்லாம்னு கேட்டேன். "காசுக்கில்லம்மா. அவன் செஞ்சது அநியாயம்னு ஒரு கோர்ட்டுப் பேப்பர்ல எழுதி வேணும். நான் ஏமாளி இல்லன்னு எனக்கே காட்டிக்கணும்"னு சொன்ன. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை.

இப்போ ஒரு சின்ன விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன், பெருசுக்கு வர எனக்கு இன்னும் தைரியம் போதலை. பம்ப்செட்டு விக்கிற உன் வேலையில சனிக்கிழமைன்னா மணப்பாறை லைன். கல்யாணமான முதல் மாசத்துலேர்ந்து எட்டு வருஷம், ஒரு வாரம் தவறாம மணப்பாறையிலேர்ந்து முறுக்கு வாங்கிட்டு வந்த. பொண்டாட்டி அந்த ஊருக்காரி, பொறந்த வீட்டு ஞாபகம் வரும்னு உனக்கு ஒரு ஆசை. அவ பொட்டலத்தை வாங்கிட்டுச் சிரிப்பா. எல்லாருக்கும் எடுத்து நீட்டுவா. அப்பாவுக்கு சர்க்கரை, எனக்குப் பல்லு சரியில்ல, நீ ரெண்டு கடிச்சிட்டுப் போயிடுவ. மீதியெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போச்சு. அவ ஒண்ணு எடுத்து வாயில போட்டு நீ பார்த்திருக்கியா? யோசிச்சுப் பாரு. கல்யாணமான புதுசுல ஒரு நாள் என்கிட்டச் சொன்னா. "அத்தை, எங்க வீடே முறுக்கு சுடற வீடு. விடியக்காலம் எழுந்து சுத்திச் சுத்தி வளர்ந்தேன். அந்த எண்ணெய் வாடை வந்தாலே எனக்கு வயித்தைப் புரட்டும். அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" நான் என்ன சொல்லியிருக்கணும்? அவன்கிட்ட சொல்லும்மா, சிரிப்பான், அடுத்த வாரம் பூ வாங்கிட்டு வருவான்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னேன்: "சொல்லிடாதம்மா. ஆசையா வாங்கிட்டு வரான். வாங்கி வெச்சுக்கோ, போகப்போகப் பழகிடும்." அவளும் சரிங்கத்தைன்னு போயிட்டா. எட்டு வருஷம் பழகலை.

அவ வாயை நான் மூடினது அது ரெண்டாவது தடவை. முதல் தடவை என்னன்னுதான் இந்தக் கடுதாசியே.

உன் கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும். நம்ம கோயில்ல ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சாச்சு. இன்னாரு மகன் இன்னாருக்கும் இன்னாரு மகள் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லணும்னு மூணு ஞாயிறு பூசையில வாசிக்கிறது உனக்குத் தெரியும்தானே. மூணாவது ஓலைக்கு நாலு நாள் இருந்துச்சு. அன்னைக்கு அஷ்டமி. அஷ்டமி நவமின்னா பத்திரம் பதிய ஒரு ஈ காக்கா வராது, ஆபீஸ் வெறிச்சோடிக் கிடக்கும். நான் பழைய புத்தகத்துலேர்ந்து யாருக்கோ வில்லங்கச் சான்று எடுத்துட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா, சாட்சிக்காரங்க உக்கார்ற பெஞ்சுல ரெஜி உக்காந்திருக்கா. தனியா. மணப்பாறையிலேர்ந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு வந்திருக்கா. அதுக்கு முன்னாடி நான் அவளைப் பொண்ணு பார்க்கப் போனப்போ ஒரு தடவை, நிச்சயத்தன்னைக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் பார்த்தது. புடவை விஷயமா வந்திருப்பான்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டே போனேன்.

"ஆன்ட்டி, உங்ககிட்டத் தனியாப் பேசணும்"னா. தெற்கு வாசல்ல ஒரு காபி கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். காபி வந்துச்சு, அவ தொடவே இல்ல. "நான் காலேஜ்ல கூடப் படிச்ச ஒருத்தரை விரும்பறேன் ஆன்ட்டி. தொட்டியத்துல வாழை விவசாயம் பண்ற குடும்பம். வேற மதம். வீட்டுல சொன்னேன். அப்பா மருந்தைக் குடிச்சிருவேன்னு பாட்டிலை எடுத்து முன்னாடி வெச்சுட்டாரு. எங்க பக்கத்துலேர்ந்து நிறுத்தவே முடியாது. உங்க பக்கத்துலேர்ந்து நிறுத்திடுங்க. பொண்ணு பிடிக்கலைன்னு சொல்லிடுங்க, குணம் சரியில்லைன்னு சொன்னாலும் பரவாயில்ல. பழி என்மேலயே இருக்கட்டும். உங்க பையனைப் பார்த்தா நல்லவங்களாத் தெரியுது, அவங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலை ஆன்ட்டி." அவ சொன்ன ஆளுதான் குமரேசன். கடைசியாச் சொன்ன வரியைத் திரும்பப் படிச்சுக்கோ. உன்னை ஏமாத்தக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு ரெண்டு பஸ் மாறி வந்துச்சு.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எழுதவே கூசுது. "தப்பு கிப்பு எதுவும் நடந்துடலையே?"ன்னு கேட்டேன். ஒரு பொம்பளைகிட்ட இன்னொரு பொம்பளை. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இல்லைங்கன்னா. "அப்போ ஒண்ணுமே இல்லம்மா, வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாச்சு. இனிமே நிறுத்தினா ரெண்டு குடும்பமும் தலை நிமிர முடியுமா? என் பையன் தங்கம். கல்யாணமாகி ஒரு மாசம் போனா எல்லாம் சரியாப் போயிடும்"னு அடுக்கினேன். அவ அழலை. "சரியாகலைன்னா ஆன்ட்டி?"ன்னு மட்டும் கேட்டா. நான் கைப்பையிலேர்ந்து ஜெபமாலையை எடுத்து அவ கையில வெச்சு, "இதை அருள்கிட்ட மட்டும் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிடுவான்"னு கேட்டேன். அந்தச் சிலுவையை விரலால மூடிக்கிட்டா. அப்புறம் பண்ணா. பஸ் ஏத்தி விட்டுட்டு நான் ஆபீஸுக்கு வந்து, விட்ட இடத்துலேர்ந்து வில்லங்கச் சான்றை எழுதினேன். அடுத்தவன் வாங்கற காலி மனைக்கு வில்லங்கம் இருக்கான்னு இருபது வருஷத்துக்குப் பின்னால போய்த் தேடற கை, பெத்த பிள்ளை கல்யாணத்துல கண்ணெதிரே தெரிஞ்ச வில்லங்கத்தை மறைச்சுது. சொத்து விஷயத்துல எவனாவது இப்படி மறைச்சு வித்தா நானே அவனை மோசடிக்காரன்னுதான் சொல்லுவேன்.

மூணாவது ஓலை அன்னைக்குப் பூசைக்கு நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். பக்கத்துல உங்கப்பா, அந்தப் பக்கம் நீ, புதுசா முடி வெட்டிக்கிட்டு. சாமியார் பேரு வாசிச்சாரு. தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னாரு. எப்பவும் வாசிக்கிற அதே வாசகம், அன்னைக்கு என்னமோ என் முகத்தைப் பார்த்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம மேலப்புதூர் முழுக்கக் கோயில்ல இருக்கு, தடை தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு இருமினேன். உங்கப்பா தண்ணி பாட்டிலை நீட்டினாரு. கல்யாணத்தன்னைக்கு "முழு மனசோடயும் சுதந்திரமாவும்தான் வந்திருக்கீங்களா"ன்னு சாமியார் கேட்டப்போ அவ "ஆமாம்"னு சொன்னது முதல் வரிசைக்கே கேக்கலை. பொண்ணு வெக்கப்படுதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. நானும் சிரிச்சேன் பாவி.

ஏன் பண்ணேன்னு நீ கேப்ப. உனக்கு அப்போ முப்பத்திரண்டு. ரெண்டு இடம் பேசி முறிஞ்சு போயிருந்துச்சு. மூணாவதும் போச்சுன்னா பையன்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு உங்க அத்தைமாருங்க நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்கன்னு பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொண்ணு உனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு இருந்தேன்டா. பத்தொன்பது வயசுலேர்ந்து மடத்துல சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகணும்னு ஆசை. சிஸ்டர்கிட்ட பேசி வெச்சு, பெட்டியைக்கூடக் கட்டிட்டேன். எங்கம்மா பெட்டியைப் பிரிச்சுப் போட்டு, "எல்லாம் சரியாப் போயிடும், கழுத்தை நீட்டு"ன்னுச்சு. நீட்டினேன். ஒரு வருஷம் உங்கப்பாவோட முகம் கொடுத்துப் பேசலை. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை; ரயில்வே வேலைக்குப் போறதும், வந்து அவர் தட்டை அவரே கழுவி வெக்கிறதும், சத்தமாக் குறட்டை விடறதுமா இருந்தாரு. அப்புறம் நீ வந்த. எனக்கு நிஜமாவே சரியாப் போச்சு. உங்கப்பா போன இந்த ஆறு வருஷமா அந்தக் குறட்டை இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்குச் சரியாப் போனதால ஊருக்கெல்லாம் சரியாப் போயிடும்னு நினைச்சேன். எனக்கு நல்ல நேரம் இருந்துச்சு, அதை நான் ஏதோ வழிமுறைன்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்காக அவ செஞ்சது சரின்னு நான் வக்காலத்து வாங்கலை. அவமேல எனக்கும் கோவம் இருக்கு. அவனைத் திரும்பப் பார்த்தப்பவே உன்கிட்ட வந்து, இப்படியிருக்குங்க, என்னை விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கலாம். ஆறு மாசம் உனக்கு டிபன் கட்டிக் கொடுத்துக்கிட்டே மனசு வேற இடத்துல வெச்சிருந்தா. அது துரோகம்தான், வேற பேரு கிடையாது. குழந்தை இல்லன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சப்போ அவளை மட்டுமே கேள்வி கேட்ட நம்ம குடும்பமும் சுத்தம் இல்ல, ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடலை நான். ஆழ்ந்த அன்புன்னு வக்கீல் எழுதியிருக்காரே, அது உன் பக்கம் இருந்துச்சு தம்பி. சத்தியமா இருந்துச்சு, பைபிள் மேல கை வெச்சுச் சொல்லுவேன். அவ பக்கம் மரியாதை இருந்துச்சு. உனக்குக் காய்ச்சல் வந்தா முழிச்சிருந்து பார்த்தா. அப்பா படுக்கையில கிடந்த நாலு மாசம் மகளுக்கு மேல செஞ்சா. ஆனா நீங்க இருந்த மாடியிலேர்ந்து அவ சிரிச்சு நான் கேட்டதில்ல. எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட. கீழ இருந்த எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் காதைத் தீட்டிக்காம இருந்தேன்.

போன புதன்கிழமை அவளைப் பார்த்தேன். தேடிப் போகலை. கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், முசிறி தொட்டியம் பஸ் நிக்கிற பக்கம் அவ கையில ஒரு பையோட நிக்கறா. என்னைப் பார்த்ததும் பையைக் கீழ வெச்சுட்டா. ஓடிடுவான்னு நினைச்சேன், ஓடலை. "நல்லா இருக்கீங்களா அத்தை"ன்னா. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்துச்சோ, "நல்லா இருக்க விட்டியாடி நீ?"ன்னு நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கினதும் நான் மெதுவாக் கேட்டேன். உன் வக்கீல் எனக்கு எதிர்த்தரப்பு பதிலுரையைப் படிச்சுக் காட்டியிருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே பழக்கம்னு அதுல ஒரு வரி இல்ல. "நல்லவேளை, அதைச் சொல்லியிருந்தா நம்ம வழக்கு ஆட்டம் கண்டிருக்கும்"னு அவருக்கு ஒரே சந்தோஷம். அதைத்தான் அவகிட்ட கேட்டேன். "அன்னைக்கு என்கிட்ட வந்தியே, அதை ஏன் எழுதலை? எழுதியிருந்தா அந்தப் பையன் தப்பிச்சிருப்பானே?"

"அவரும் எழுதணும்னுதான் சொன்னாரு அத்தை. நான்தான் வேண்டாம்னேன். நீங்கதானே ஜெபமாலையில சத்தியம் வாங்கினீங்க"ன்னா.

குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தாதவள்னு நாம கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்கோமே, அவ எனக்குக் கொடுத்த வாக்கை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்திட்டிருக்கா. தன் பேரு கெட்டும் காப்பாத்திட்டிருக்கா, கூட இருக்கிறவன் கூண்டுல ஏறப்போறான்னு தெரிஞ்சும் காப்பாத்திட்டிருக்கா. உன்கிட்ட எழுதி வெச்ச மூணு வரியிலகூட என் பேரை இழுக்கலை பார்த்தியா? பஸ் வந்துச்சு. படியில கால் வெச்சவ திரும்பி, "அவங்க இன்னும் சனிக்கிழமை முறுக்கு வாங்கிட்டு வராங்களா அத்தை?"ன்னு கேட்டா. ஆமாம்னேன். அவ இருந்தப்பவும் வாங்கிட்டு வந்த, இல்லாமயும் வாங்கிட்டு வர்ற, ஃப்ரிட்ஜு மேல வெச்சுட்டு எதுவும் பேசாமப் போற, என்னத்தைச் சொல்ல. அவளுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. பஸ் கிளம்பிடுச்சு.

அதனால நான் அந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. அடுத்த வாய்தாவுக்குள்ள இந்தக் கடுதாசியோட நகலை உன் வக்கீலுக்கும் கொடுப்பேன். என்னைக் கூண்டுல ஏத்தினா, தெற்கு வாசல்ல நடந்ததையும் மூணாவது ஓலைக்கு வாயைப் பொத்தினதையும் அப்படியே சொல்லுவேன். உன் வழக்கு விழுந்துடும்னு எனக்குத் தெரியும். உனக்கு நஷ்டமே ஆகலைன்னு நான் சொல்ல வரலை. ஆகியிருக்கு. உன் எட்டு வருஷம் போச்சு, தூக்கம் போச்சு, மனுஷங்கமேல இருந்த நம்பிக்கை போச்சு. ஆனா ஈடு கேக்கவேண்டிய ஆளு தொட்டியத்துல இல்ல. மேலப்புதூர்ல இந்த மேஜைக்கு முன்னாடி உக்காந்து எழுதிட்டிருக்கா. அன்னைக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு ஒரு மாசம் அவமானம், அதோட முடிஞ்சிருக்கும். உன்னை மனசார சிரிச்சு வரவேற்கிற ஒருத்தி உனக்குக் கிடைச்சிருப்பா. அதைக் கெடுத்தது குமரேசன் இல்லடா. ஏமாளி இல்லன்னு உனக்கு ஒரு பேப்பர் வேணும்னியே, இதுதான் அந்தப் பேப்பர். உன்னை ஏமாத்தினது பெத்தவ. பெத்தவளைச் சந்தேகப்படாதவனை யாரும் ஏமாளின்னு சொல்ல மாட்டாங்க.

உனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுது. இன்னொரு வாழ்க்கை அமைஞ்சா, அமையணும்னுதான் தினமும் ஜெபம் பண்றேன், அந்தப் பொண்ணு வாயைத் திறந்து எதையாவது பிடிக்கலைன்னு சொன்னா, அது முறுக்கா இருந்தாலும் சரி, உன்னையே பிடிக்கலைன்னாலும் சரி, கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு உக்காந்து கேளு. பழகிடும்னு மட்டும் சொல்லிடாத. உங்கப்பா என்னை அந்த ஒரு வருஷமும் பழகச் சொல்லவே இல்ல. அதனாலதான் பழகினேன்போல.

பத்திரத்துல ரேகை எடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க ஒரு கேள்வி கேப்போம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகிட்டயும் கேப்போம், கார்ல வந்து இறங்கறவங்ககிட்டயும் கேப்போம். சொந்த சம்மதத்தோடதானே போடறீங்க, யாரும் வற்புறுத்தலையேன்னு. முப்பத்தோரு வருஷம் எத்தனை ஆயிரம் பேர்கிட்ட கேட்டேனோ, அந்த சாட்சி பெஞ்சுல வந்து உக்காந்தவகிட்ட மட்டும் கேக்காம விட்டேன். இந்தக் கடுதாசியை நான் நல்ல நினைவோட, சொந்த சம்மதத்தோட, யாரும் வற்புறுத்தாம எழுதியிருக்கேன். கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன், பென்சில் குறி இல்லாமலே.

சனிக்கிழமை நீ வருவியோ மாட்டியோ. வான்னு கூப்பிட எனக்கு வாய் இல்ல, வரலைன்னா ஏன்னு கேக்கவும் மாட்டேன். வர்றதா இருந்தா மணப்பாறையில பஸ் நிக்கும்போது இறங்காத. வெறுங்கையோட வா. உனக்கு என்ன சமைச்சு வெக்கணும்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. உனக்கு எது பிடிக்கும்னு நானாத்தான் இத்தனை வருஷமும் முடிவு பண்ணியிருக்கேன், ஒரு நாள்கூட உன்னைக் கேட்டதா ஞாபகம் இல்ல.

அம்மா